அத்தையின் பணம்: ஓர் ஆங்கில நகைச்சுவை நாடகம் கடல் கடந்த கதை



நினைவுச் சொற்பொழிவுக்குத் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டிருந்தீர்கள். ஆங்கிலக் கனவான்கள் சிரிப்பதற்காக எழுதப்பட்ட ஒரு நாடகத்தைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தேன். நம் மேடைகளில் கண்ணீரைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம், பேச வேண்டியதுதான். சிரிப்பைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம். ஆனால் சாதிச் சமூகத்தில் அதிகாரம் அதிகமாகப் புழங்கும் இடங்களில் சிரிப்பும் ஒன்று. யாரைப் பார்த்து யார் சிரிக்கலாம், யார் வேடம் போட்டால் கலை, யார் போட்டால் இழிதொழில் என்ற கணக்கெல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்க்க ‘சார்லியின் அத்தை’ எனக்கு வசதியாக அமைந்தது.

பிராண்டன் தாமஸ் எழுதிய ‘சார்லீஸ் ஆன்ட்’ 1892 பிப்ரவரி 29 அன்று பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற சிறு நகரத்தில் முதன்முதலாக மேடையேறியது. அவ்வாண்டு டிசம்பரில் லண்டனுக்கு வந்தது. முதலில் ராயல்டி அரங்கம், பிறகு குளோப் அரங்கம். நான்கு ஆண்டுகளில் 1,466 காட்சிகள். அதுவரை லண்டன் மேடையில் எந்த நாடகமும் அவ்வளவு காலம் தொடர்ந்து ஓடியதில்லை. டபிள்யூ. எஸ். பென்லி என்ற நகைச்சுவை நடிகருக்காகவே எழுதப்பட்ட நாடகம் அது. அத்தையாக வேடமிட்டவர் அவர்தான்.

கதை சுருக்கமானது. ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும் ஜாக், சார்லி என்ற இரு மாணவர்கள் கிட்டி, ஏமி என்ற இரு பெண்களிடம் காதலைச் சொல்ல நினைக்கிறார்கள். மாணவர் அறைக்கு இளம்பெண்கள் தனியாக வர முடியாது, துணைக்கு மூத்த பெண் ஒருவர் இருக்க வேண்டும். நல்லவேளையாக, சார்லி இதுவரை பார்த்திராத அத்தை பிரேசிலிலிருந்து வருகிறாள். பெயர் டோனா லூசியா. பெரும் பணக்கார விதவை. விருந்து நாளில் அவள் வரவு தள்ளிப்போகிறது. அதே நேரத்தில் ஃபான்கோர்ட் பாபர்லி என்ற பிரபு நண்பன், வேறொரு அமெச்சூர் நாடகத்தில் கிழவி வேடம் போடுவதற்காகத் தைத்த உடையோடு அங்கே நிற்கிறான். அவனையே அத்தையாக்கிவிடுகிறார்கள். கடன்பட்ட ஜாக்கின் தகப்பனாரும், பெண்களின் பாதுகாவலரான ஸ்பெட்டிக் என்ற வழக்கறிஞரும் அத்தையின் பணத்துக்காக அந்தப் பாவாடை கட்டிய பிரபுவைத் துரத்துகிறார்கள். நிஜ அத்தை வேறு பெயரில் வந்து சேர்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்க்கிறாள். முடிவில் எல்லோருக்கும் கல்யாணம்.

ஆங்கிலத்தில் ‘ஆன்ட்’ என்றால் போதும். தமிழில் அப்பாவின் அக்காளா, அம்மாவின் தங்கையா என்று முடிவு செய்தாக வேண்டும். நான் அத்தை என்று வைத்துக்கொள்கிறேன். மராத்தியர்கள் ‘மாவ்ஷி’ என்றார்கள், அதாவது தாயின் உடன்பிறந்தாள். நம் கணக்கில் சித்தியோ பெரியம்மாவோ. அந்த மாவ்ஷிக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அவளுடைய பணம். நாடகத்தில் அத்தனை பேரையும் ஓடவைப்பது அந்தப் பணம்தான். பணக்கார பிரேசில்காரர் ஒருவரிடம் வேலைக்குப் போய், அவரை மணந்து, அவர் இறந்தபின் சொத்துக்கு உரியவளானவள் டோனா லூசியா. அந்தச் சொத்து எதிலிருந்து வந்தது என்று மேடையில் யாரும் கேட்பதில்லை. பிரேசில் என்றால் அங்கே விளையும் கொட்டைகளைப் பற்றிய ஒரு வேடிக்கை வரி மட்டும் வரும். அதுதான் நாடகத்தின் மிகப் புகழ்பெற்ற வசனம். நூறாண்டுக்கும் மேலாக அதற்குக் கைதட்டு விழுகிறது.

நாடகம் மேடையேறுவதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன்பு, 1888 மே 13 அன்றுதான் பிரேசில் அடிமை முறையை ஒழித்தது. அமெரிக்கக் கண்டங்களில் கடைசியாக ஒழித்த நாடு அது. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் நடந்த அடிமை வணிகத்தில் சுமார் 48 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அங்கே இறக்கப்பட்டார்கள். வேறெந்த நாட்டிலும் அத்தனை பேர் இறக்கப்படவில்லை. கரும்பும் தங்கமும் பிறகு காப்பியும் அவர்கள் கைகளால் விளைந்தவை. 1888இல் விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு துண்டு நிலம்கூடத் தரப்படவில்லை. 1892இல் லண்டன் மேடையில் ஒரு நடுவயதுப் பிரேசில் விதவை கோடீஸ்வரி என்று அறிவிக்கப்பட்டால், அந்தக் கோடிகள் திரண்ட காலம் அடிமைக் காலம் என்பது பார்வையாளர்களுக்குத் தெரியாத செய்தியில்லை. சிரிப்பதற்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவே.

லண்டன்காரர்களுக்கு அது தெரிந்திருந்தது என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் மோரோ வெல்யோ என்ற தங்கச் சுரங்கம் இருந்தது. அதை நடத்தியது 1830இல் லண்டனில் தொடங்கப்பட்ட செயின்ட் ஜான் டெல் ரே சுரங்க நிறுவனம். ஆங்கிலேயர்கள் வெளிநாட்டிலும் அடிமைகளை வாங்கக் கூடாது என்று 1843இல் பிரிட்டன் சட்டம் போட்டது. வாங்கத்தானே தடை? வாடகைக்கு எடுக்கலாமே! 1845இல் அந்நிறுவனம் மூடப்பட்ட இன்னொரு நிறுவனத்திடமிருந்து 385 அடிமைகளை 14 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகை முடிந்ததும் அவர்களை விடுவிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். விடுவிக்கவில்லை. 1879இல் ஜோவாகிம் நாபுக்கோ என்ற அடிமை ஒழிப்புத் தலைவர் பிரேசில் நாடாளுமன்றத்தில் இதை எழுப்பி நாறடித்தார். 1882இல் நீதிமன்றம் அவர்கள் சுதந்திரமானவர்கள் என்றும் கூலி பாக்கி தரப்பட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அதற்குள் பலர் சுரங்கத்திலேயே செத்துப்போயிருந்தார்கள்.

அதே 1843இல்தான் இந்தியாவில் அடிமை முறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்ற ஐந்தாம் சட்டம் வந்தது. அதன் பிறகும் தஞ்சையிலும் செங்கற்பட்டிலும் பண்ணையாளும் படியாளும் எப்படி இருந்தார்கள் என்று இந்த அவைக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெயரை மாற்றிவிட்டு வேலையைத் தொடர்வது மினாஸ் ஜெராயிஸில் மட்டும் நடந்த தந்திரம் இல்லை.

இந்தியாவும் இந்த நாடகத்தில் இருக்கிறது. ஜாக்கின் தகப்பனார் சர் பிரான்சிஸ் செஸ்னி இந்தியப் பணியில் இருந்து திரும்பிய கர்னல். பிராண்டன் தாமஸே முதலில் நடித்த பாத்திரம் இதுதான். இருபது ஆண்டுகளுக்கு முன் இளைஞனாக இருந்தபோது நிஜ டோனா லூசியாவை அவர் காதலித்திருக்கிறார். அவர் இந்தியாவுக்குப் போனார், அவள் பிரேசிலுக்குப் போனாள். ஆக்ஸ்ஃபோர்டுத் தோட்டத்தில் மறுபடி சந்தித்துக் கல்யாணம் முடிவாகிறது. கர்னலின் கடனை அடைக்க பிரேசில் பணம் கிடைத்துவிடுகிறது. இங்கிலாந்தின் பச்சைப் புல்வெளியில் நடக்கும் இந்தச் சின்னக் குடும்ப விவகாரத்துக்கு இரண்டு கண்டங்களின் உழைப்பு பின்னால் நிற்கிறது. நாடகாசிரியர் இதைத் திட்டமிட்டு வைத்தார் என்று நான் வாதிடவில்லை. அவர் காலத்தில் பணம் என்றால் இயல்பாகவே கடலுக்கு அப்பால் இருந்துதான் வரும். அந்த இயல்புதான் என்னை உறுத்துகிறது.

நாடகத்தில் இன்னொருவர் இருக்கிறார். பிராசெட் என்ற கல்லூரி வேலைக்காரர். விருந்து பரிமாறுவதும், வேடம் மாற்ற உதவுவதும், நடப்பதையெல்லாம் ஆரம்பம் முதல் அறிந்தவரும் அவர்தான். முதலாளிகள் முட்டாள்தனமாக ஓடும்போது அவர் முகம் மாறாமல் நிற்பார். ஆங்கில நகைச்சுவை நாடக மரபில் வேலைக்காரன் எப்போதும் எஜமானனைவிடப் புத்திசாலி. அந்தப் புத்தியால் அவனுக்கு ஆவது ஒன்றுமில்லை. கடைசிக் காட்சியில் ஜோடி ஜோடியாகக் கைகோக்கும்போது அவன் தட்டை எடுத்துக்கொண்டு போயிருப்பான்.

தமிழ் மேடையில் இதற்கு நேர்மாறு. 1891இல் சென்னையில் தொடங்கப்பட்ட சுகுண விலாச சபையில் வக்கீல்களும் அதிகாரிகளுமாகிய கனவான்கள் அமெச்சூர்களாக நடித்தார்கள். அதன் உயிராக இருந்த பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய ‘சபாபதி’யில் எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். 1941இல் ஏவி.எம். எடுத்த படத்தில் வேலைக்கார சபாபதியாக காளி என். ரத்தினம் நடித்ததைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு, நானும் சிரித்திருக்கிறேன். இங்கே வேலைக்காரன் மடையன். சொன்னதைச் சொன்னபடியே செய்து வீட்டைக் கலங்கடிப்பவன். எனக்கென்னவோ, சொல்லுக்குச் சொல் கீழ்ப்படிந்தே ஒரு வீட்டைக் குட்டிச்சுவராக்குபவனை மடையன் என்று சொல்லிவிட முடியுமா என்ற சந்தேகம் எப்போதும் உண்டு.

ஆனால் சபாபதி தலித்தாக இருக்க முடியாது. அந்த வீட்டுக்குள் அவர்களுக்கு நுழைவில்லை. அன்றைய சென்னையில் பறையர்கள் வீட்டுவேலை பார்த்தது பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் பங்களாக்களில். பட்லர், சமையல்காரர், ஆயா, குதிரைக்காரர் என்று. ஆங்கில நாடகங்களை ஆடியும் பார்த்தும் சிரித்த அதே குடும்பங்களின் வீடுகள் அவை. ஆகவே பிராசெட் என்ற பாத்திரத்துக்குச் சென்னையில் ரத்தமும் சதையுமாக ஓர் இணை உண்டு. அது நம்முடைய ஆள். அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் என்ற துரையிடம் பட்லராக இருந்தவர். அவர் கையில் இருந்த திருக்குறள் ஏடுகள்தான் எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்தன என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். காபித் தட்டு ஏந்திய கையில் ஏட்டுச் சுவடியும் இருந்தது. எந்த நகைச்சுவை நாடகத்திலும் அப்படி ஒரு பட்லர் வந்ததில்லை. வந்திருந்தால் ரசிகர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

இனி, இந்த நாடகங்கள் எப்படிப் பயணம் செய்தன என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியில் ஒரு மாலை நிகழ்ச்சி என்றால் பெரிய நாடகம் ஒன்று, அதை ஒட்டிச் சிறிய நகைச்சுவைக் கூத்து ஒன்று. ஜான் மேடிசன் மார்ட்டனின் ‘பாக்ஸ் அண்ட் காக்ஸ்’ (1847) போன்ற ஓரங்க நாடகங்களுக்கு மூன்று நடிகர்களும் ஓர் அறையும் போதும். ஆகவே படைமுகாம்களுக்கும் கப்பல் தளங்களுக்கும் மலைவாசத் தலங்களுக்கும் அவை பொருத்தமாக இருந்தன. நூற்றாண்டின் இறுதியில் கூத்து மூன்று அங்கங்களாக வளர்ந்தது. ‘சார்லியின் அத்தை’ அந்த வளர்ச்சியின் உச்சம். நீராவிக் கப்பல் வழித்தடமே நாடக வழித்தடமும் ஆயிற்று. மாரிஸ் பாண்ட்மன் என்பவர் ஜிப்ரால்டரில் தொடங்கி கெய்ரோ, பம்பாய், கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர், ஷாங்காய் வரை தன் குழுக்களைச் சுற்றவிட்டார்.

சிம்லாவில் 1887இல் கெய்ட்டி அரங்கம் திறக்கப்பட்டது. அதைக் கட்டியவர் ஹென்றி இர்வின். நம் சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் அவர் கை உண்டு. அங்கே அதிகாரிகளும் அவர்களின் மனைவிமார்களும் கோடை முழுக்க நாடகம் போட்டார்கள். இந்த அரங்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மேடையை வருணிப்பார்கள். நான் வாசலைச் சொல்கிறேன். சிம்லாவில் வைஸ்ராய், படைத் தலைமைத் தளபதி, பஞ்சாப் துணை ஆளுநர் ஆகிய மூவருக்கு மட்டுமே குதிரை வண்டி வைத்துக்கொள்ள அனுமதி. மற்றவர்கள் மனிதர்கள் இழுக்கும் ரிக்‌ஷாவில்தான் வர வேண்டும். மலைச் சரிவில் ஒரு ரிக்‌ஷாவுக்கு நான்கு பேர். உள்ளே நூறு பேர் சிரித்துக்கொண்டிருந்தால் வெளியே குளிரில் அதைவிட அதிகமான பேர் அந்தச் சிரிப்பு முடியக் காத்திருந்தார்கள் என்று கணக்கு.

நகைச்சுவை நாடகத்தோடு கூடவே வந்தது முகத்தில் கரி பூசும் கூத்து. அமெரிக்கக் கறுப்பர்களைக் கேலி செய்ய வெள்ளையர்கள் கண்டுபிடித்த ‘மின்ஸ்ட்ரல்’ வடிவம். 1860களில் டேவ் கார்சன் என்பவர் இதைப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் கொண்டுவந்து, உள்ளூர்ச் சரக்காக வங்காளி பாபுவைக் கேலி செய்யும் பாட்டையும் சேர்த்தார். 1873இல் கல்கத்தாவின் நடிகர் அர்த்தேந்து சேகர் முஸ்தஃபி ‘முஸ்தஃபி சாகிப் கா பக்கா தமாஷா’ என்று பதிலுக்குச் சாகிபுகளைக் கேலி செய்தார். நல்ல பதில்தான். ஆனால் பாபுவைக் கேலி செய்த பாட்டுக்குப் பதில் வந்தது. கரி பூசிய முகத்துக்கு வரவில்லை. கறுப்பு நிறமே கேலிக்குரியது என்ற அடிப்படையில் கார்சனுக்கும் அவரைப் பார்த்துக் கொதித்தவர்களுக்கும் தகராறு இருந்ததாகத் தெரியவில்லை.

மூன்று ஆண்டுகளில் வேறொன்று நடந்தது. வேல்ஸ் இளவரசர் கல்கத்தா வந்தபோது ஜகதானந்த முகர்ஜி என்ற வழக்கறிஞர் அவரைத் தன் வீட்டுப் பெண்கள் பகுதிக்கே அழைத்துச் சென்று உபசரித்தார். அதைக் கிண்டல் செய்து 1876 பிப்ரவரியில் கிரேட் நேஷனல் தியேட்டர் ‘கஜதானந்தனும் இளவரசனும்’ என்ற கூத்தைப் போட்டது. காவல்துறை தடுத்தது, பெயரை மாற்றிப் போட்டார்கள், மறுபடி தடை. மாதம் முடிவதற்குள் அவசரச் சட்டம். டிசம்பரில் நாடக நிகழ்த்துகைச் சட்டம், 1876. இளவரசனைப் பார்த்துச் சிரித்தால் பத்து மாதத்தில் சட்டம் வரும். கூலிக்காரனையும் கறுப்பனையும் பார்த்துச் சிரிப்பதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே வந்ததில்லை.

பம்பாய்க்கு வருவோம். கிராண்ட் ரோடு அரங்கம் 1846இல் திறக்கப்பட்டது. ஆங்கிலேயர்களைத் தொடர்ந்து 1853இல் பார்சிகள் அங்கே நாடகம் போட்டார்கள். மராத்தியிலும் குஜராத்தியிலும் ‘ஃபார்ஸ்’ என்ற சொல்லே நிலைத்துவிட்டது. புராண நாடகம் முடிந்ததும் ஒரு ஃபார்ஸ் என்பது வழக்கமாயிற்று. நம் சபாக்காரர்கள் அதையே பிரகசனம் என்று சமஸ்கிருதமாக்கி மரியாதை தேடிக்கொண்டார்கள்.

அந்தப் பருவத்தில்தான், 1855இல், புனேயில் ஜோதிராவ் புலே ‘திரிதீய ரத்னா’ என்ற நாடகத்தை எழுதினார். கர்ப்பிணியான ஒரு குன்பிப் பெண்ணிடம் ஜோசியப் பார்ப்பனர் வந்து கிரகம் சரியில்லை, குழந்தைக்கு ஆபத்து என்று பயமுறுத்துகிறார். பரிகாரம், சாப்பாடு, தட்சிணை என்று அவளையும் புருஷனையும் கடனில் மூழ்கடிக்கிறார். இடையிடையே ஒரு விதூஷகன் வந்து பார்வையாளர்களைப் பார்த்துப் பேசுகிறான். சமஸ்கிருத நாடக மரபில் விதூஷகன் பார்ப்பனன், அரசனின் கூட்டாளி. புலே அவனை எதிர்ப்பக்கம் நிறுத்தினார். கேலி யாரை நோக்க வேண்டும் என்பதைத் திருப்பிப் போட்ட முதல் நவீன மராத்தி நாடகம் அது.

அதைப் பரிசுக்காகத் தட்சிணைப் பரிசுக் குழுவுக்கு அனுப்பினார். பேஷ்வாக்கள் பார்ப்பனர்களுக்குக் கொடுத்துவந்த தட்சிணைப் பணத்தின் ஒரு பகுதியை நூல்களுக்குப் பரிசளிக்கப் பிரிட்டிஷார் திருப்பிவிட்டிருந்தார்கள். தட்சிணை பிடுங்குவதைக் கேலி செய்த நாடகத்துக்குத் தட்சிணை நிதியிலிருந்து பரிசு கேட்டார் புலே! இந்த ஒரு செயலே நாடகத்தைவிடப் பெரிய நையாண்டி என்பேன். குழு மறுத்துவிட்டது. அங்கிருந்த பார்ப்பன உறுப்பினர்களின் எதிர்ப்பே காரணம் என்று புலே பின்னாளில் எழுதினார். பாக்ஸும் காக்ஸும் கப்பலேறி வந்து மேடை கண்ட நாட்டில், அங்கேயே பிறந்த இந்த நாடகத்துக்கு மேடையும் இல்லை, அச்சும் இல்லை.

இப்போது பாவாடை. ‘சார்லியின் அத்தை’யில் சிரிப்பின் அச்சாணி ஒரு பிரபு பெண்ணுடை உடுத்துவது. அவன் சுருட்டுப் பிடிப்பதும், நடை தடுமாறுவதும், பெண்கள் சந்தேகமில்லாமல் கட்டிப்பிடிப்பதும் வேடிக்கை. அந்த உடையைக் கழற்றினால் அவன் மறுபடி பிரபு. கழற்ற முடியும் என்ற உறுதிதான் சிரிப்புக்கு இடம் கொடுக்கிறது. மராத்திச் சங்கீத நாடகத்தில் பால கந்தர்வர் பெண் வேடமிட்டால் உயர்சாதிப் பெண்கள் அவரைப் பார்த்துப் புடவை கட்டக் கற்றுக்கொண்டார்கள் என்பார்கள். அதே ஊரில் தமாஷா இருந்தது. மகர், மாங், கோல்ஹாட்டி சாதிகளின் கலை. அதில் பெண் வேடமிட்டு ஆடிய ஆணுக்கு ‘நாச்யா’ என்று பெயர், அது வசவாகவும் புழங்கியது. பெண்களே ஆடத் தொடங்கியபோது அந்த வசவு அவர்கள் சாதி முழுவதற்கும் ஆயிற்று. அவர்களால் எந்த உடையையும் கழற்றிவைத்துவிட்டு மறுநாள் கனவானாகிவிட முடியாது.

தமாஷாவில் புகழ்பெற்ற ஜோடி பட்டே பாபுராவும் பவளாவும். அவர் குல்கர்ணி பார்ப்பனர். அவள் மகர் பெண். மகாட் போராட்டத்துக்குத் தம் ஆட்டங்களின் வசூலைத் தர பாபுராவ் முன்வந்தபோது அம்பேத்கர் மறுத்துவிட்டார் என்பது அம்பேத்கர் வரலாற்று எழுத்துகளில் சொல்லப்படும் செய்தி. மகர் பெண்களை ஆடவைத்துச் சேர்த்த பணம் வேண்டாம் என்பது காரணம். இதைப் பற்றித் தலித் பெண்ணிய ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. பவளாவின் கலையை அந்த மறுப்பு எங்கே வைக்கிறது, ஆடியவளின் உழைப்புக்கு என்ன மதிப்பு என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் இந்த நாடகத்தைப் படித்துவிட்டு அந்தச் செய்தியை நினைக்கும்போது எனக்கு வேறொன்று தட்டுப்படுகிறது. நிதி தேவைப்பட்ட ஒரு போராட்டத்தின் தலைவர், பணம் வீடு தேடி வரும்போது, இது யார் உடம்பிலிருந்து வந்தது என்று கேட்டார். ஆக்ஸ்ஃபோர்டுத் தோட்டத்தில் அத்தையைத் துரத்திய ஒருவருக்கும் வராத கேள்வி அது.

ஒரு பார்ப்பனக் குடும்பத்தில், சாஸ்வட் பகுதியில், 1898இல் பிறந்தவர் பிரகலாத் கேசவ் அத்ரே. ஆசிரியர், பத்திரிகைக்காரர், மராத்தி மேடையின் பெரிய நகைச்சுவைக்காரர். லண்டனில் ஆசிரியர் பயிற்சி பெற்றவர். ‘சார்லியின் அத்தை’யைத் தழுவி ‘மோரூச்சி மாவ்ஷி’யை எழுதியவர் அவரே. 1940களின் பிற்பகுதியில் அது மேடைக்கு வந்தது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் பம்பாய் மாகாண அரசு தமாஷாவை ஆபாசம் என்று தடைசெய்து, எதிர்ப்புக்குப் பின் தணிக்கையோடு அனுமதித்தது. நடுத்தர வர்க்கத்தின் அரங்கில் ஆண் ஒருவன் புடவை கட்டி ஆடுவது குடும்பத்தோடு பார்க்கத்தக்க நாடகம். சேரியின் கொட்டகையில் பெண் ஆடுவது தணிக்கைக்குரியது. மாங் சாதியில் பிறந்த அண்ணாபாவ் சாத்தே அந்தத் தமாஷாவையே எடுத்து ‘லோக்நாட்டிய’மாக்கி, ஆலைத் தொழிலாளர்கள் முன் முதலாளிகளைக் கேலி செய்ய வைத்தார். அவருடைய நாடகங்களும் தடையைச் சந்தித்தன.

அத்ரேயை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று ஒதுக்கிவிடுவது எளிதில்லை. மாவ்ஷியை எழுதிய கைதான் ‘மகாத்மா புலே’ படத்தையும் எடுத்தது. 1954 ஜனவரி 4 அன்று அதன் தொடக்க விழாவுக்கு அம்பேத்கர் வந்தார். படம் தேசிய விருதுகளில் வெள்ளிப் பதக்கம் பெற்றது. 1956 டிசம்பர் 7 அன்று தாதர் கடற்கரையில் அம்பேத்கரின் சிதைக்கு முன் கூடியிருந்த லட்சக்கணக்கானவர்களிடம் பேசியவர் அத்ரே. சிரிக்கவைத்தே பழகிய குரல் அன்று வேறு வேலை செய்தது. சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் அவரும் அண்ணாபாவ் சாத்தேயும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். இருவரும் இறந்தது ஒரே ஆண்டில், 1969இல், ஒரு மாத இடைவெளியில். ஒருவருக்கு அரங்கங்கள் இருந்தன. மற்றவர் வாழ்நாளின் பெரும்பகுதியைக் காட்கோபரின் சிராக் நகர்க் குடிசையில் கழித்தார்.

‘மோரூச்சி மாவ்ஷி’ 1980களில் விஜய் சவாண் நடிப்பில் மறுபடி மேடையேறி மகாராஷ்டிரம் முழுவதும் வெற்றிகரமாக ஓடியது. புலேயின் நாடகம் முதன்முதலாக அச்சில் வந்தது 1979இல்தான், எழுதி 124 ஆண்டுகள் கழித்து. அதன் கடைசிக் காட்சியில் அந்தக் குன்பித் தம்பதி ஜோசியருக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவதில்லை. கடன் அப்படியே இருக்கிறது. இரவானதும், ஜோதிராவும் சாவித்திரிபாயும் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு இருவரும் கிளம்புகிறார்கள்.